நம்மிடம் தோற்றவர்கள் நம்மைத் தாண்டிப் போனது எப்படி?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்தக் கருத்தரங்கு தொடங்கும் முன்பு, பின் வரிசையில் அமர்ந்திருந்த ஒருவர் என்னிடம் வந்து பேசினார். புக்கிட் பெலிம்பிங் தோட்டப்புறத்திலிருந்து வருகிறாராம். மகனுக்குப் பதின்மூன்று வயது.

"பந்துன்னா அவனுக்கு உயிருங்க ஐயா. விளையாட்டுப் பள்ளித் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்காங்க. அனுப்பலாமா, இல்ல படிப்ப மட்டும் பாருடான்னு சொல்லிடலாமா? நம்ம நாட்டுச் சின்னப் பசங்க டீமு வெளியில போயி என்னத்த ஜெயிச்சிருக்கு?"

இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பும் ஏறக்குறைய இதுதான். அனைத்துலகப் போட்டிகளில் மலேசிய இளையோர் காற்பந்து அணியின் அடைவுநிலை. ஆகவே அவருக்குப் பதில் சொல்வது போலவே பேசிவிடுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். இளையோர் அணி என்பது ஒரே அணி அல்ல. 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர், 23 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று படிகள் உண்டு. தென்கிழக்காசிய அளவில் இவற்றை 16, 19 என்று ஒரு வயது குறைத்து நடத்தி வந்தார்கள். ஒவ்வொரு படிக்கும் தென்கிழக்காசியப் போட்டி இருக்கிறது. அதற்கு மேலே ஆசியப் போட்டி. ஆசியாவில் முன்னணியில் வந்தால்தான் உலகப் போட்டி, அல்லது ஒலிம்பிக். நாளேட்டில் "மலேசியா வாகை சூடியது" என்று படித்தால், எந்தப் படியில் என்று கேட்டுக் கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தென்கிழக்காசியாவில் நாம் குறைந்தவர்கள் அல்லர். 16 வயதுப் பிரிவில் 2013-இலும், 15 வயதுப் பிரிவாக நடந்த 2019-இலும் கிண்ணம் வென்றோம். 19 வயதுப் பிரிவில் 2018-இல் மியன்மாரை 4-3 என்று வீழ்த்தினோம். 2022-இல் லாவோஸை 2-0 என்று வென்றோம். சீ விளையாட்டில் 2009, 2011 என்று அடுத்தடுத்து இரண்டு தங்கம்.

ஆசியா என்று வரும்போதுதான் வழுக்குகிறது. இத்தனைக்கும் ஆசிய இளையோர் போட்டி பிறந்ததே நம் மண்ணில். துங்கு அப்துல் ரஹ்மான் ஆசியக் காற்பந்து கூட்டமைப்பின் தலைவராக இருந்தபோது, 1959-இல் கோலாலம்பூரில் முதல் போட்டி நடந்தது. 1959, 1960, 1968 என மூன்று முறை நாம் இரண்டாம் இடம் பிடித்தோம். அதன் பிறகு அந்த இறுதியாட்டத்தை நாம் எட்டவில்லை. 17 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியிலோ 2025 வரை ஒரு முறைகூட கால் பதித்ததில்லை.

20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் ஒரே ஒரு முறை ஆடியிருக்கிறோம். அதுவும் தகுதி பெற்று அல்ல. 1997-இல் உபசரணை நாடு என்ற முறையில். மொரோக்கோ, உருகுவே, பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளிடமும் தோற்றோம்.

அந்தப் போட்டியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பலருக்கு மறந்துவிட்டது. 24 நாடுகள் நம் ஊருக்கு வந்தன. பிரான்சு அணியில் ஹென்ரி, டிரெஸகே. இங்கிலாந்து அணியில் மைக்கேல் ஓவன். ஷா ஆலம் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் அர்ஜென்டினா 2-1 என்று உருகுவேயை வென்றது. அந்த அர்ஜென்டினா அணியில் ஸ்கலோனி, ஐமார், சாமுவேல் என்று மூன்று பையன்கள் இருந்தார்கள். 25 ஆண்டுகள் கழித்து, 2022-இல் கத்தாரில் மெஸ்ஸியின் அணி உலகக் கிண்ணத்தைத் தூக்கியபோது அதன் தலைமைப் பயிற்றுநர் ஸ்கலோனி; துணைப் பயிற்றுநர்களாக ஐமாரும் சாமுவேலும். கோலசிலாங்கூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்த அரங்கில் கிண்ணம் வாங்கிய பையன்கள் அவர்கள்.

இவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்களா? இல்லை. ஹென்ரி இங்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மொனாக்கோ அணியோடு பிரெஞ்சு லீக் பட்டத்தை வென்றிருந்தார். அர்ஜென்டினாவின் ரிகெல்மே முந்திய ஆண்டே போகா ஜூனியர்ஸ் முதல் அணியில் இறங்கிவிட்டார். ஓவன் அந்த மே மாதத்தில் லிவர்பூலுக்கு ஆடி கோல் அடித்திருந்தார். பதின்ம வயதிலேயே வளர்ந்த ஆண்களோடு மோதிப் பழகியவர்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். மீண்டும் இங்கே வருவேன்.

நம்மிடம் தோற்றவர்கள்

2018-இல் 16 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டி நம் நாட்டிலேயே நடந்தது. முதல் நான்கு இடம் பிடித்தால் உலகப் போட்டி. முதல் ஆட்டத்தில் புக்கிட் ஜாலிலில் தஜிகிஸ்தானை 6-2 என்று துவைத்து எடுத்தோம். நாடே கொண்டாடியது. அடுத்து தாய்லாந்திடம் 2-4, ஜப்பானிடம் 0-2. குழுவிலேயே வெளியேறினோம். நம்மிடம் ஆறு கோல் வாங்கிய தஜிகிஸ்தான் என்ன ஆனது தெரியுமா? இறுதியாட்டம் வரை போய் ஜப்பானிடம் ஒரே கோலில் தோற்றது. மறு ஆண்டு பிரேசிலில் உலகப் போட்டியில் ஆடியது.

ஒரு தடவை நடந்தால் துரதிர்ஷ்டம் எனலாம். 2022 ஜூலையில் 19 வயதுப் பிரிவு அரையிறுதியில் வியட்நாமை 3-0 என்று வென்று, பின்னர் கிண்ணத்தையும் வாங்கினோம். இந்தோனேசியா அந்தப் போட்டியில் குழுவையே தாண்டவில்லை. இரண்டே மாதத்தில் ஆசியத் தகுதிச் சுற்று வந்தது. வியட்நாமும் இந்தோனேசியாவும் தகுதி பெற்றன. வெற்றியாளரான நாம் தகுதி பெறவில்லை.

23 வயதுக் கணக்கும் இதுவே. 2011 நவம்பரில் ஜகார்த்தாவில், திரண்டிருந்த இந்தோனேசிய ரசிகர்கள் முன்னிலையில், பெனால்டியில் வென்று தங்கம் வாங்கினார்கள் நம் பிள்ளைகள். அதே பருவத்தில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜப்பான், சிரியா, பஹ்ரேன் ஆகிய நாடுகளோடு ஆறு ஆட்டங்கள், ஆறிலும் தோல்வி.

2018-இல் ஒரு நல்ல காற்று வீசியது. 23 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் சவூதியை வென்று காலிறுதிக்குப் போனோம். தென் கொரியாவிடம் 1-2 என்று தோற்றாலும் தலைகுனியவில்லை. அந்த ஒரு கோலை அடித்தவர் என்.தனபாலன். 2017 சீ விளையாட்டு அரையிறுதியில் இந்தோனேசியாவுக்கு எதிராக, ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் தலையால் முட்டி வெற்றி தேடித் தந்தவரும் இவர்தான். (1960-களில் நாட்டுக்காக ஆடிய என்.தனபாலனை நினைத்துக் கொள்ளும் பெரியவர்களுக்கு: அவர் வேறு, இவர் வேறு.) பிறகு? 2022 ஆசியப் போட்டியில் மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒரே கோல். 2024-இலும் மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒரே கோல்.

2007-இல் தொடங்கிய இரண்டு கதைகள்

2009-இல் லாவோஸில் நாம் தங்கம் வென்றது யாரிடம்? வியட்நாமிடம். பயிற்றுநர் நம் கே.ராஜகோபால். குழு ஆட்டத்தில் அதே வியட்நாமிடம் 1-3 என்று தோற்ற அணியைத் தேற்றி, தாய்லாந்தை வெளியேற்றி, இறுதியில் 1-0 என்று வென்றார். இருபது ஆண்டு தாகம் தீர்ந்தது. மறு ஆண்டே பெரியவர்கள் அணியைக் கொண்டு தென்கிழக்காசியக் கிண்ணத்தையும் வாங்கிக் கொடுத்தார். எஸ்.குணாளன் போன்றவர்கள் இரண்டு அணியிலும் இருந்தார்கள். இளையோர் அணி அப்படியே பெரியவர் அணியாக வளர்ந்த அபூர்வமான காலம் அது.

அந்தக் காலத்தில் நம்மிடம் 'ஹரிமாவ் மூடா' திட்டம் இருந்தது. 2007-இல் தொடங்கினார்கள். பள்ளி முடித்த பையன்களை ஒரே அணியாக வைத்து, பெரியவர்களின் லீக்கில் ஆட விட்டார்கள். 2009-இல் அந்த அணி பிரிமியர் லீக்கையே வென்றது. பிறகு சிங்கப்பூர் லீக்கில் ஆடினார்கள். குறைகள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்தொன்பது வயதுப் பையனுக்கு வாரந்தோறும் ஓர் உண்மையான ஆட்டம் இருந்தது.

வியட்நாமில் அதே 2007-இல் பிளேக்கு என்ற மலை ஊரில் ஒரு கிளப், ஆங்கிலேய ஆர்சனல் அணியோடு சேர்ந்து காற்பந்து கழகம் திறந்தது. சின்னப் பையன்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்து வளர்த்தார்கள். 2015-இல் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். அந்தப் பையன்களைக் கூட்டமாக முதல்தர லீக்கில் இறக்கினார்கள். நிறைய அடி வாங்கினார்கள். கிளப் பின் வாங்கவில்லை.

அதே 2015-இல் நாம் ஹரிமாவ் மூடாவைக் கலைத்தோம். பையன்கள் மாநில அணிகளுக்குத் திரும்பட்டும் என்றார்கள். திரும்பினார்கள். மாநில அணிகளில் வெளிநாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரர்களும் அனுபவசாலிகளும் நிற்க, இவர்களில் பலருக்குக் கிடைத்தது மாற்று ஆட்டக்காரர் பெஞ்சு. 2018-இல் வியட்நாம் 23 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் நின்றது. பிளேக்குப் பையன்களில் சிலர் அந்த அணியில் இருந்தார்கள்.

பதினாறு வயதில் ஆட்டத்தைத் தீர்மானிப்பது வேகமும் திறமையும். அது நம்மிடம் உண்டு. இருபத்தொரு வயதில் தீர்மானிப்பது, அதுவரை எத்தனை கடினமான ஆட்டம் ஆடினாய் என்பது. 2018-இல் 16 வயதுப் போட்டியில் ஐந்து கோல் அடித்த லுக்மான் ஹக்கிம் பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் கிளப் வரை போனார். அங்கே அவருக்குத் திடலில் இறங்கும் வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. ஆட்டம் இல்லாவிட்டால் எந்த ஊர் கிளப்பாக இருந்தாலும் கால் மழுங்கும்.

நம் பக்கத்துக் கதை

இனி புக்கிட் பெலிம்பிங் பக்கம் வருகிறேன். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். பால்மரக் காலத்தில் மாலை ஐந்து மணிக்குத் திடலில் இரண்டு அணிக்கு ஆள் நிற்கும். மிச்சப் பேர் வெளியே உட்கார்ந்து முறைக்குக் காத்திருப்பார்கள். காலில் காலணி இருக்காது. பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் கிராணி முதல் வெட்டுக்காரர் வரை திடலில்தான். நாட்டிலேயே முதன்முதலாக 1917-இல் வணிகத்துக்குச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் நம் கோலசிலாங்கூரில்தான் இருக்கிறது. பின்னாளில் பால்மரம் போய் எங்கும் செம்பனையே ஆனது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். குடும்பங்கள் பட்டணத்துக்குப் போயின. திடல் பல இடத்தில் இன்னும் கிடக்கிறது. பதினொரு பையன்கள்தான் சேர மாட்டார்கள்.

பையன்கள் குறைந்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, ஏழு பேர் ஆட்டத்துக்கே ஆள் தேடும். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று போகும் பள்ளி விளையாட்டு ஏணியில் நம் பிள்ளை முதல் படியிலேயே தேர்வாளர் கண்ணில் படாமல் போவது இப்படித்தான். மிஃபா எனும் மலேசிய இந்தியக் காற்பந்து சங்கம் ஒரு வழி திறந்தது. அதன் வழி உருவான அணி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019 முதல் 2022 வரை சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 பருவத்தோடு விலகிவிட்டது. நம் பையன்களுக்கு இருந்த ஒரு கதவு சாத்தப்பட்டதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஐயா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பையனை அனுப்புங்கள். ஆனால் கிண்ணங்களைப் பார்த்து அனுப்பாதீர்கள். தேர்வு நாளன்று பயிற்றுநரிடம் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் ஆட விடுவீர்கள்? பயிற்சியைக் கேட்கவில்லை, ஆட்டத்தைக் கேட்கிறேன். எஸ்.பி.எம். எழுதிய பிறகு பதினெட்டு வயதில் எங்கே ஆடுவான்? முழங்காலில் அடிபட்டால் சிகிச்சைக்கும் தவறிய பாடத்துக்கும் யார் பொறுப்பு? இவற்றுக்கு நேரான பதில் கிடைக்காத இடத்தில் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள்.

பதிவு முடிந்து வெளியே வந்தபோது அவர் வாசலில் நின்று கொண்டிருந்தார். ஒரு காகிதத்தை நீட்டி, "அந்தக் கேள்வி மூணையும் மலாய்ல எழுதிக் குடுங்க ஐயா. அங்க போயி எனக்குப் பேச்சு வராது" என்றார். எழுதிக் கொடுத்தேன். தேர்வு அடுத்த சனிக்கிழமையாம்.