அலுவலக போன்களை இன்டர்நெட்டிற்கு மாற்றப் போகிறீர்களா?

கரண்ட் போனால் லைட் அணையும், பேன் நிற்கும், கம்ப்யூட்டர் யு.பி.எஸ். தயவில் கொஞ்ச நேரம் ஓடிப் பின்னர் அதுவும் அடங்கும். ஆனால் மேஜை மீது இருக்கும் பழைய லேண்ட்லைன் போன் மட்டும் வழக்கம் போல மணி அடிக்கும். காரணம், அந்த போனுக்குத் தேவையான 48 வோல்ட் மின்சாரம் நம் கட்டடத்தில் இருந்து செல்வதில்லை. டெலிபோன் எக்சேஞ்சில் உள்ள பேட்டரிகளில் இருந்து, பேச்சு வரும் அதே செம்புக் கம்பி வழியே வந்துவிடுகிறது.

இன்று பல சிறு நிறுவனங்கள் அந்தக் கம்பியை விட்டுவிட்டு, பைபர் இணைப்பில் இன்டர்நெட் வழி போனுக்கு மாறி வருகின்றன. மாதக் கட்டணம் குறைகிறது. கிளை அலுவலகத்துடன் இலவசமாகப் பேச முடிகிறது. ஊழியர் வீட்டில் இருந்தாலும் அலுவலக எண்ணிலேயே பேசலாம். இவை எல்லாம் உண்மைதான். ஆனால் மாறிய மறு மாதமே "சார், குரல் விட்டு விட்டு வருகிறது", "கரண்ட் போனால் போன் செத்துவிடுகிறது" என்ற புகார்களும் வருகின்றன. போன் கருவியை மட்டும் கணக்கில் எடுத்துக் கொண்டு, அதன் பின்னால் இருக்கும் கரண்ட், நெட்வொர்க் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்காமல் விட்டதுதான் இதற்குக் காரணம். மாறும் முன்னர் என்ன திட்டமிட வேண்டும் என்பதை இங்கு பார்ப்போம்.

என்ன மாறுகிறது?

பழைய முறையில் நீங்கள் பேசும் நேரம் முழுவதும் உங்களுக்கென ஒரு வழி ஒதுக்கப்பட்டிருக்கும். வேறு யாரும் அதில் குறுக்கிட முடியாது. இன்டர்நெட் முறையில் உங்கள் குரல் டிஜிட்டலாக மாற்றப்பட்டு, பொதுவாக 20 மில்லி செகண்ட் அளவுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, செகண்டுக்கு 50 பாக்கெட்டுகளாக அனுப்பப்படுகிறது. அதே பாதையில்தான் உங்கள் இமெயிலும், பக்கத்து மேஜைக்காரர் பார்க்கும் வீடியோவும் செல்கின்றன.

அலுவலகத்தில் இருக்கும் ஈ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியின் இடத்தில் ஐ.பி. பி.பி.எக்ஸ். என்ற கம்ப்யூட்டர் அல்லது சேவை நிறுவனத்தின் சர்வர் வந்துவிடுகிறது. வெளியே செல்லும் லைன்களுக்குப் பதிலாக சிப் டிரங்க் என்ற இணைப்பு தரப்படும். அழைப்பை ஏற்படுத்துவது, முடிப்பது ஆகியவற்றைக் கவனிக்கும் விதிமுறைக்குத்தான் சிப் என்று பெயர். இன்று பயன்பாட்டில் உள்ள அதன் வரையறை 2002 ஜூன் மாதம் வெளியானது.

இதற்கான சாப்ட்வேர் இலவசமாகவும் கிடைக்கிறது. 1999ல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர், தன் சிறிய லினக்ஸ் உதவி நிறுவனத்திற்கு ஒரு பி.பி.எக்ஸ். வாங்க எண்ணினார். விலை கட்டுப்படியாகவில்லை. எனவே தானே ஒன்றை எழுதினார். அதுதான் ஆஸ்டெரிஸ்க். இன்று கடைகளில் விற்கும் பல ஐ.பி. பி.பி.எக்ஸ். பெட்டிகளுக்குள் ஓடுவது இதுதான்.

முதல் வேலை: ஒரு பட்டியல்

ஒரு நோட்டை எடுத்துக் கொண்டு அலுவலகம் முழுவதும் சுற்றி வாருங்கள். டெலிபோன் கம்பி எங்கெல்லாம் செல்கிறது என்று எழுதுங்கள். போன்கள் மட்டும் அல்ல. பேக்ஸ் மெஷின், லிப்ட் உள்ளே இருக்கும் போன், தானாக டயல் செய்திடும் திருட்டு அலாரம், தீ அலாரம், வாட்ச்மேன் அறை போன், பழைய கார்டு ஸ்வைப் மெஷின் ஆகியவையும் அதில் இருக்கலாம்.

இந்தப் பட்டியல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு பிரிட்டன் ஓர் உதாரணம். அங்கு பழைய லேண்ட்லைன் நெட்வொர்க்கை 2025 டிசம்பரில் மூடிவிடத் திட்டமிட்டிருந்தனர். ஆனால் தனியாக வாழும் முதியவர்கள் அணிந்திருக்கும் அவசர பட்டன் கருவிகள் பல அந்தக் கம்பியை நம்பியே இருந்தன. அவர்களைப் பாதுகாப்பாக மாற்ற அவகாசம் தேவைப்பட்டதால், 2024 மே மாதத்தில் இந்தக் கெடு 2027 ஜனவரி இறுதிக்குத் தள்ளி வைக்கப்பட்டது. ஒரு நாட்டிற்கே நேர்ந்த இந்தச் சிக்கல் உங்கள் லிப்டிலும் இருக்கலாம்.

பேக்ஸ் வேண்டும் என்றால், டி.38 என்ற முறையை பி.பி.எக்ஸும் சேவை நிறுவனமும் தருகின்றனவா எனக் கேட்டு உறுதி செய்திடுங்கள். அலாரம், லிப்ட் ஆகியவற்றிற்கு சிம் கார்டு போடும் கருவியாக மாற்றிக் கொள்வது எளிது.

எவ்வளவு வேகம் தேவை?

இதில்தான் பலர் தேவையில்லாமல் பயப்படுகின்றனர். சாதாரண லேண்ட்லைன் தரத்தில் குரலைத் தரும் ஜி.711 முறையில், ஓர் அழைப்பிற்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கிலோபிட் போதும். குரலுக்கு 64 கிலோபிட். மீதி எல்லாம் பாக்கெட்டின் மேல் ஒட்டும் முகவரிச் சீட்டுகளுக்கு. குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 முறையில் சுமார் 31 கிலோபிட் போதும்.

ஒரு கணக்கிற்காக, 24 எக்ஸ்டென்ஷன் உள்ள அலுவலகம் ஒன்றை எடுத்துக் கொள்வோம். அனைவரும் ஒரே நேரத்தில் வெளியே பேசப் போவதில்லை. மிகவும் பரபரப்பான ஒரு மணி நேரத்தில் எத்தனை லைன் நிரம்புகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். 10 என்று வந்தால், 10 அழைப்பிற்கு 870 கிலோபிட், அதாவது ஒரு மெகாபிட்டிற்கும் குறைவு. இன்றைய பைபர் இணைப்பிற்கு இது ஒரு பொருட்டே அல்ல.

தரம்தான் பிரச்னை

வேகம் இருந்தும் குரல் உடைவது ஏன்? யாரோ ஒருவர் பெரிய வீடியோ பைல் ஒன்றை அப்லோட் செய்திடுகிறார். ரௌட்டரின் வாசலில் பாக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன. இமெயில் அரை செகண்ட் தாமதமானால் யாருக்கும் தெரியாது. குரல் தாமதமானால் உடனே தெரியும்.

மூன்று அளவுகளை நினைவில் வையுங்கள். ஒரு திசையில் தாமதம் 150 மில்லி செகண்டிற்குள் இருப்பது நல்லது. இது சர்வதேச தொலைத்தொடர்பு யூனியன் தந்துள்ள அளவு. பாக்கெட்டுகள் முன்பின்னாக வரும் வேறுபாடு, அதாவது ஜிட்டர், 30 மில்லி செகண்டிற்குள் இருக்க வேண்டும். வழியில் காணாமல் போகும் பாக்கெட்டுகள் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சோதிப்பது எளிது. சேவை நிறுவனத்தின் சர்வர் முகவரியை வாங்கிக் கொண்டு, விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் கட்டளையை 500 முறை ஓடும்படி கொடுத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அல்ல, அலுவலகம் முழு வேகத்தில் இயங்கும் நாளில், காலை 11 மணிக்கு. பிங் காட்டுவது போய் வரும் நேரம் என்பதால், அதில் பாதியைத்தான் ஒரு திசைத் தாமதமாகக் கொள்ள வேண்டும்.

சரி செய்திட இரண்டு வழிகள் உள்ளன. ரௌட்டரில் க்யூ.ஓ.எஸ். என்ற பிரிவில் குரல் பாக்கெட்டுகளுக்கு முதலிடம் கொடுங்கள். போன்களுக்கென தனி வி-லேன் அமைத்தால் இன்னும் நல்லது. இன்னொரு விஷயம்: ஒருவர் பேசுவது கேட்கிறது, மற்றவர் பேசுவது கேட்கவில்லை என்ற புகார் வந்தால், ரௌட்டரில் சிப் ஏ.எல்.ஜி. என்ற வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உதவுவதற்காக வந்த இந்த வசதி பல ரௌட்டர்களில் உபத்திரவமாக இருக்கிறது. அதனை ஆப் செய்தாலே பல நேரங்களில் பிரச்னை தீர்ந்துவிடும்.

கரண்ட் கணக்கு

இனி 48 வோல்ட் எக்சேஞ்சில் இருந்து வராது. எல்லாக் கரண்ட்டும் நீங்கள் தர வேண்டும். 12 ஐ.பி. போன்கள் தலா 5 வாட் என்றால் 60. அவற்றிற்கு நெட்வொர்க் கேபிள் வழியே கரண்ட் தரும் பி.ஓ.இ. ஸ்விட்ச் 20, பைபர் மோடமும் ரௌட்டரும் 25, பி.பி.எக்ஸ். 15. மொத்தம் 120 வாட்.

கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்று இருக்கும். அதில் உள்ள சக்தி 84 வாட் ஹவர். கழிவு போக, இது 120 வாட்டை அரை மணி நேரம் கூடத் தாங்காது. அதே நேரத்தில் 150 ஆம்பியர் ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரியில் 1,800 வாட் ஹவர் உள்ளது. பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் ஒரு வேலை நாளைத் தாண்டிவிடும். ஆனால் இன்வெர்ட்டரை யு.பி.எஸ். மோடில் வைத்திருக்க வேண்டும். சாதாரண மோடில், மாறும் அந்த நொடியில் ரௌட்டர் ரீஸ்டார்ட் ஆகி, பேசிக் கொண்டிருந்த அழைப்புகள் எல்லாம் அறுந்துவிடலாம்.

உங்கள் பேட்டரி மட்டும் போதாது. உங்கள் தெருவிற்கு பைபர் தரும் உள்ளூர் ஆபரேட்டரின் அறையில் பேக்கப் உள்ளதா, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால், வேறு நிறுவனத்தின் இணைப்பு ஒன்றையோ 4ஜி ரௌட்டர் ஒன்றையோ மாற்று வழியாக வைத்துக் கொள்ளுங்கள்.

அவசர அழைப்பு போகுமா?

வெளியே பேச முதலில் 0 அல்லது 9 அழுத்த வேண்டும் என்ற பழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு மோட்டல் அறையில் கேரி ஹன்ட் என்ற பெண் தாக்கிக் கொல்லப்பட்டார். அருகில் இருந்த அவருடைய 9 வயது மகள், தனக்குச் சொல்லித் தந்தபடி 911 என்ற அவசர எண்ணை நான்கு முறை டயல் செய்தாள். அழைப்பு போகவே இல்லை. வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது.

கேரியின் தந்தை எடுத்த முயற்சியால் அவர் பெயரிலேயே சட்டம் ஒன்று 2018ல் இயற்றப்பட்டு, 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் அங்கு நிறுவப்படும் பல லைன் போன் அமைப்புகளில், முன்னால் எந்த எண்ணும் இன்றி 911 நேரடியாகச் செல்ல வேண்டும்.

புதிய பி.பி.எக்ஸில் டயல் பிளான் எழுதும்போது 112, 108, 101 ஆகியவை நேரடியாகவும், முன்னால் 0 சேர்த்தாலும், இரு வகையிலும் போகும்படி அமைத்திடச் சொல்லுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை. சில நிமிட வேலைதான். கிளை அலுவலகம் வேறு ஊரில் இருந்தால், அங்கிருந்து செல்லும் அவசர அழைப்பு அந்த ஊருக்கே செல்லுமா என்பதையும் சேவை நிறுவனத்திடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

சட்டமும் எண்ணும்

இந்தியாவில் இன்டர்நெட் டெலிபோனிக்கு 2002 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. ஆனால் இன்டர்நெட்டில் இருந்து உள்நாட்டு லேண்ட்லைன், மொபைல் எண்களுக்குப் பேச அப்போது அனுமதி இல்லை. 2018ல்தான், உரிமம் பெற்ற நிறுவனங்கள் சாதாரண போன்களுடன் இணையும் இன்டர்நெட் போன் சேவையைத் தருவதற்கு வழி தெளிவானது. எனவே சிப் டிரங்க் வாங்கும்போது, உரிமம் உள்ள நிறுவனத்திடமே வாங்குங்கள். வெளிநாட்டில் இருந்து இன்டர்நெட் வழியே வரும் அழைப்புகளை, அனுமதி இன்றி உள்ளூர் சிம் கார்டுகள் வழியே திருப்பி விடுவது குற்றம். "கட்டணம் பாதிதான்" என்று யாராவது இதனைத் தந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

அடுத்தது உங்கள் எண். போர்டிலும் பில் புத்தகத்திலும் அச்சாகி, வாடிக்கையாளர்களுக்கு மனப்பாடமாக இருக்கும் எண் அது. எண் மாறாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நம் நாட்டில் மொபைலுக்கு உண்டு, லேண்ட்லைனுக்கு இல்லை. எனவே இப்போதைய நிறுவனமே அதே எண்ணை பைபர் அல்லது சிப் டிரங்க்கில் தருமா என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். தராது என்றால், பழைய லைனைச் சில மாதங்களுக்கு வைத்திருந்து, வரும் அழைப்புகளைப் புதிய எண்ணிற்குத் திருப்பி விடுங்கள். அவசரப்பட்டு சரண்டர் செய்துவிட்டால் எண் திரும்பக் கிடைப்பது கடினம்.

இரவில் வரும் திருடர்கள்

ஐ.பி. பி.பி.எக்ஸ். என்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். இன்டர்நெட்டில் வெளியே தெரியும்படி வைத்தால், 5060 என்ற போர்ட்டைத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் தேடி வந்துவிடும். எக்ஸ்டென்ஷன் 201க்கு பாஸ்வேர்ட் 201 என்று வைத்திருந்தால், சனிக்கிழமை இரவு உங்கள் கணக்கில் இருந்து வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் பறக்கும். திங்கட்கிழமை பில் மட்டும் உங்களுக்கு. தடுக்க:

1. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் நீளமான, வெவ்வேறு பாஸ்வேர்ட் கொடுங்கள்.
2. ஐ.எஸ்.டி. தேவை இல்லை எனில், சேவை நிறுவனத்திடமே சொல்லி மூடிவிடுங்கள். தேவை எனில் தினசரி உச்சவரம்பு வையுங்கள்.
3. வெளியில் இருந்து இணைப்பவர்கள் வி.பி.என். வழியே மட்டும் வரும்படி அமையுங்கள்.
4. பி.பி.எக்ஸ். சாப்ட்வேர் அப்டேட்களைத் தள்ளிப் போடாதீர்கள்.

மாற்றும் வாரம்

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முதலில் மூன்று அல்லது நான்கு போன்களை இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதிகம் பேசுபவரின் மேஜையில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். குறைகளை முதலில் சொல்பவர் அவர்தான். பின்னர் முழுவதும் மாற்றும்போது பழைய லைன்களை ஒரு மாதமாவது இணையாக வைத்திருங்கள். மாத இறுதி, தீபாவளி, பொங்கல் போன்ற வியாபார நாட்களைத் தவிர்த்திடுங்கள். அழைப்பைத் திருப்பி விடுவது, ஹோல்டில் வைப்பது ஆகியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி ஒவ்வொரு போனின் பக்கத்திலும் ஒட்டிவிடுங்கள்.

பழைய லைனை சரண்டர் செய்திடும் முன்னர் ஒரே ஒரு சோதனை. அலுவலகம் இயங்கும் நேரத்தில் மெயின் ஸ்விட்ச்சை அணையுங்கள். போன் வேலை செய்கிறதா? பைபர் கேபிளைக் கழற்றுங்கள். வெளியில் இருந்து அழைப்பவருக்கு மாற்று வழியில் மணி அடிக்கிறதா? இரண்டிற்கும் "ஆம்" என்று பதில் வந்தால், அந்தச் செம்புக் கம்பிக்குத் தாராளமாக விடை கொடுக்கலாம்.