இடிப்பாரும் இடித்துரைப்பாரும்

பாடத் தெரியாதவன் பாட்டிலே குறை காண்பதா, ஆடத் தெரியாதவன் ஆட்டத்தைப் பழிப்பதா என்று கலை விமர்சகர்களைக் கேலி பேசுவோர் என்றும் உண்டு. அவர்களை நாம் கேட்கிறோம்: உப்புக் குறைவு என்று சமைத்தவன் மட்டுந்தான் சொல்ல வேண்டுமா? உண்பவனுக்கு நாக்கு இல்லையா?

அந்த நாக்குக்கு மதிப்பளிக்கும் பரிசு ஒன்று அமெரிக்காவில் உண்டு. ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவில் ஏடு நடத்திச் செல்வரானவர் ஜோசப் புலிட்சர். அவர் பெயரால் கொலம்பியா பல்கலைக்கழகம் 1917 முதல் வழங்கிவரும் பரிசுகளில், விமர்சனத்துக்கான பரிசு 1970-ல் பிறந்தது.

முதற்பரிசு யாருக்கு? இசை விமர்சகருக்கா? நாடக விமர்சகருக்கா? இல்லை! கட்டிடங்களைப் பற்றி எழுதிய அடா லூயிஸ் ஹக்ஸ்டபிள் அம்மையாருக்கு! பொருத்தமே. பாட்டுப் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். கட்டிடம் பிடிக்காவிட்டால் ஊரைவிட்டா ஓட முடியும்?

அம்மையார் 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டின் கட்டிடக்கலை விமர்சகரானது 1963-ல். அதே ஆண்டில்தான், அந்நகரின் பெருமையாக நின்ற பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கினர். அம்மையார் இடித்துரைத்தார், அவர்களோ இடித்தே தீர்த்தனர்.

எழுதுகோல் தோற்றது என்பீர்கள். பொறுங்கள்! அந்த இழப்பு மக்கள் மனத்தை உறுத்திற்று. 1965-ல் பழம்பெரும் கட்டிடங்களைக் காக்க நகரம் சட்டம் செய்தது. ரயில் கம்பெனி வழக்காடிற்று. 1978-ல் உச்சநீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. கிராண்ட் சென்ட்ரல் நிலையம் பிழைத்தது!

பின்னர் திரைப்பட விமர்சனம் 1975-லும், உணவு விடுதி விமர்சனம் 2007-லும் முதன்முறையாக இப்பரிசைப் பெற்றன. 1992-லோ எவருக்கும் பரிசில்லை. 2020-ல் பெற்றவர் 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' ஏட்டின் கிறிஸ்டோபர் நைட். பொதுப்பணமும் செல்வர் பணமும் சேர்த்து அவ்வூர்க் கலைக்கூடத்தை இடித்துக் கட்டும் திட்டத்தை, ஓவியங்கள் வைக்க இடம் சுருங்குமே என்று எதிர்த்து எழுதியவர். அவ்வாண்டே பழைய கட்டிடங்கள் இடிக்கப்பட்டன. ஆயினும் பரிசு அவருக்கு!

பரிசுத் தொகை 15,000 டாலர். ஒரு மாளிகைக்கு ஒரு கதவு வாங்கக்கூடப் போதாது! வென்றவனுக்கு மாலையிட ஊரே வரும்; வெல்வோமா என்று எண்ணாமல் உண்மையை உரைத்தவனுக்கு மாலையிடுவதே அரிது. அதைச் செய்வதால்தான் இப்பரிசை நாம் மதிக்கிறோம். கடப்பாரைக்கு ஒரு நாள் வெற்றி. எழுதுகோலுக்குக் காலமே துணை.