அம்மியின் உறவினன் சாக்லேட்!

உங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய அம்மி ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கிறதா? எங்கள் நாஞ்சில் நாட்டில் பல வீடுகளில் அதன் நிலை இதுதான். மிக்ஸி வந்ததும் அம்மிக்கு வேலை போய்விட்டது. ஆனால், உலகின் முதல் சாக்லேட் கருவி அதன் நெருங்கிய உறவினன் என்பது தெரியுமா?

முதலில் ஒரு சோதனை. அந்த அம்மியை நன்றாகக் கழுவி, ஈரம் போகக் காயவிடுங்கள். வறுத்துத் தோல் நீக்கிய ஒரு பிடி நிலக்கடலையை, நீர் விடாமல் அதில் அரையுங்கள். முதலில் பொடியாகும். மேலும் அரைத்தால், பொடி குழைந்து விழுதாகிவிடும். நீரே விடவில்லையே, எப்படிக் குழைந்தது? கடலையின் செல்கள் உடைந்து, உள்ளிருந்த எண்ணெய் வெளிவந்துவிட்டது.

கொக்கோ விதையிலும் இதேதான் நடக்கிறது. அதன் பருப்பில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு. ஆனால், தேங்காய் எண்ணெய் 25 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும். கொக்கோக் கொழுப்பு முழுவதும் உருகச் சுமார் 34 டிகிரி வேண்டும். எனவே மெக்சிகோவின் பழங்குடிப் பெண்கள், மூன்று கால் கொண்ட சாய்வான கல்லின் அடியில் தணல் வைத்து, குழவியால் அரைத்தார்கள். இக்கல்லின் பெயர் ‘மெட்டாட்டே’. விழுதை நீரில் கலந்து, நாம் தேநீர் ஆற்றுவதுபோல் நுரை பொங்க ஊற்றிக் குடித்தார்கள்.

பிறகு இயந்திரங்கள் வந்தன. 1795-இல் இங்கிலாந்தின் ஜோசப் ஃபிரை கொக்கோ அரைக்க நீராவி எஞ்சினைப் பயன்படுத்தினார். 1847-இல் அவருடைய குடும்ப நிறுவனம் கட்டிச் சாக்லேட்டை வார்த்தது. ஆனால் அது நாக்கில் நறநறத்தது! துகள்கள் சுமார் 30 மைக்ரானுக்கு மேல் இருந்தால் நாக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1879-இல் சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் லிண்ட், ‘காஞ்ச்’ என்ற தொட்டியில் சாக்லேட்டை நாள்கணக்கில் உருளையால் தேய்த்தார். சாக்லேட் வழவழப்பானது, புளிப்பு வாடையும் ஆவியாகிப் போயிற்று.

இதை மிக்ஸியால் செய்ய முடியாதா? முடியாது. மிக்ஸியின் கத்தி வெட்டுகிறது. மிக நுண்ணிய துகள்கள் கத்திக்குத் தப்பிவிடுகின்றன. இரண்டு கற்களோ துகளை நடுவில் சிக்கவைத்து, நசுக்கிக்கொண்டே இழுக்கின்றன. அம்மி செய்வது இதைத்தான்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1798-இல் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் கொக்கோச் செடிகளை நட்டது. 1955-இல் கோவையில் சபாபதி என்பவர், இட்லி மாவுக்காக மின்சார ‘வெட் கிரைண்டரை’ உருவாக்கினார். இந்த இரண்டு கதைகளும் 2000-க்குப் பிறகு வெளிநாட்டில் சந்தித்தன! சிறிய அளவில் சாக்லேட் செய்ய விரும்பிய அமெரிக்கர்கள் தொழிற்சாலை இயந்திரங்களை வாங்க இயலாமல் தவித்தபோது, நம் மேசைக் கிரைண்டர் கைகொடுத்தது. சுழலும் கருங்கல்லின் மேல் உருளைக் கற்கள் உருள்கின்றன. உராய்வு வெப்பமே சாக்லேட்டை இளகிய நிலையில் வைக்கிறது. அடியில் தணல் தேவையில்லை! ஆனால் இட்லி மாவுக்கு அரை மணி நேரம் போதும். சாக்லேட்டுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஓட வேண்டும். அதனால் இதற்கெனவே உறுதியான கிரைண்டர்களும் இப்போது தயாராகின்றன.

கடைசியாக ஒரு கேள்வி. நீங்கள் அரைத்த கடலை விழுதில் சில சொட்டு நீர் விட்டுக் கிளறுங்கள். இளகுகிறதா, இறுகுகிறதா? சாக்லேட் செய்பவர்கள் ஒரு துளி நீருக்கும் ஏன் அஞ்சுகிறார்கள் என்று யோசியுங்கள். விடை உங்கள் அம்மியிலேயே இருக்கிறது!