உஷார்! ஜெல் தீர்கிறது, மாத்திரை தீரவில்லையா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது தலைவலித் தைலம் தேடி அலமாரியைத் துழாவினேன். ஜரிகை வந்த காலி அட்டைப்பெட்டி ஒன்று கைக்கு வந்தது. அண்ணியின் மருந்துப் பெட்டி. உள்ளே ஈஸ்ட்ரோஜன் ஜெல் டியூப், அடியிலிருந்து இறுக்கிச் சுருட்டி, கடைசிச் சொட்டு வரை பிதுக்கிய நிலையில். பக்கத்தில் பிரிக்காத புது டியூப் ஒன்று. அவற்றுக்குக் கீழே புரோஜெஸ்ட்ரான் மாத்திரை அட்டைகள் மூன்று. முதல் அட்டையில் நான்கு குழிதான் காலி. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. அட்டையில் ஒட்டியிருந்த பில்லைப் பார்த்தேன். வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது.

எனக்குப் பகீரென்றது.

"ஏன் அண்ணி இதைப் போடல?"

"அத்தப் போட்டா காலைல கண்ணு சொருவுது பாப்பா. தறிக் குழில காலத் தொங்கப் போட்டு உக்காந்தா தலை கிர்ருன்னு சுத்துது. கோர்வைக்கு நான் நாடா தள்ளலன்னா உங்க அண்ணன் எப்பிடி ஓட்டுவாரு? அந்த ஜெல்லு தடவறேனே, அதுவே போதும். உடம்பு எரிச்சல் போச்சு, ராத்திரி வேர்வை போச்சு."

கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னதன் நியாயம் புரியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வருகிற காஞ்சிப் பட்டில், ஒவ்வொரு ஊடைக்கும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தறியில் நெய்பவரோடு இன்னொருவரும் உட்கார வேண்டும். பெரும்பாலும் அது அந்த வீட்டுப் பெண்தான். ஒரு நொடி தூங்கி விழுந்தால் கோர்வை தப்பும். தூக்க மாத்திரை போலத் தோன்றியதை அண்ணி ஒதுக்கி வைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அதை டாக்டரிடம் சொல்லாமல் ஒதுக்கியதும், கூடவே ஜெல்லை மட்டும் விடாமல் தடவியதும்தான் பயங்கரம்.

தூரம் நின்றபின் ஹார்மோன் சிகிச்சை எடுக்கிற அக்கா, அம்மா, சித்தி எல்லோரும் இதைக் கேளுங்கள். உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கிறதா? அப்படியானால் ஜெல்லோ ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோ எடுத்துக்கொண்டு, புரோஜெஸ்ட்ரானை மட்டும் தன்னிச்சையாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு மருந்து. முடியவில்லையென்றால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு பதறுகிறேன்? ஈஸ்ட்ரோஜனின் வேலைகளில் ஒன்று, கர்ப்பப்பையின் உட்சுவரை வளர்ப்பது. அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுவது புரோஜெஸ்ட்ரான். தறியில் ஊடை போட்டுக்கொண்டே போய், நெய்ததைச் சுருட்டாமலும் அறுத்து இறக்காமலும் விட்டால் என்ன ஆகும்? அப்படித்தான் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். சிலருக்கு அந்தத் தடிப்பு நாளடைவில் புற்றுநோயாகவும் மாறும். உலகம் இதை விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. 1960களில் அமெரிக்காவில் லட்சக்கணக்கான பெண்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக விழுங்கினார்கள். அவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் பலமடங்கு கூடுகிறது என்று 1975-ல் ஆய்வுகள் வெளிவந்தன. புரோஜெஸ்ட்ரானைக் கட்டாயம் சேர்க்கும் வழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. 1990களில் அங்கே 'பெப்பி' என்ற ஆய்வு நடந்தது. கர்ப்பப்பை உள்ள பெண்கள் 596 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு, கவலைப்பட வேண்டிய அளவுக்கு உட்சுவர் மாறியிருந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 1 சதவீதம்தான். 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஹார்மோன் சிகிச்சை மருந்துகளின் பெட்டியிலிருந்து பழைய எச்சரிக்கைகள் பலவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. அப்போதும், ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுப்பவர்களுக்கான கர்ப்பப்பைப் புற்றுநோய் எச்சரிக்கையில் அது கை வைக்கவில்லை.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்குப் பொதுவாக இந்த மாத்திரை தேவைப்படாது. பெண்ணுறுப்பு வறட்சிக்கு மட்டும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் தடவுகிறவர்களுக்கும் பெரும்பாலும் வேண்டியிருக்காது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டில் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

இப்போது அந்தத் தூக்கத்துக்கு வருகிறேன். அது பிரமையும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. வாய்வழி விழுங்கிய புரோஜெஸ்ட்ரான் கல்லீரல் வழியாகப் போகும்போது அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருளாக மாறுகிறது. தூக்க மாத்திரைகளும் மயக்க மருந்துகளும் மூளையில் எந்த இடத்தைத் தொடுகின்றனவோ, அதே இடத்தை இதுவும் தொடும். அதன் வீரியம் எவ்வளவு தெரியுமா? பிரசவத்துக்குப் பின் வரும் கடும் மனச்சோர்வுக்கு இதே பொருளை ஊசி மருந்தாக 2019-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அதை ஏற்றும்போது பக்கத்தில் ஆள் இருந்து கவனிக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். அப்படிப்பட்ட சரக்கு உங்கள் உடம்புக்குள்ளேயே தயாராகிறது என்றால் தலை சுற்றத்தான் செய்யும்.

அதனால் இந்த மாத்திரையைப் பகலில் போடவே கூடாது. படுக்கப்போகும்போதுதான் போட வேண்டும். விழுங்கிய இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன் வேகம் உச்சத்துக்குப் போகும். அண்ணி என்ன செய்திருக்கிறார் தெரியுமா? சமையல்கட்டை ஒழித்துவிட்டு, இரவு பதினொன்றரை மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு போட்டிருக்கிறார். காலை ஐந்துக்கு எழுந்திருக்கிறார். நிறைந்த வயிற்றில் போட்டால் இந்த மருந்து ரத்தத்தில் கூடுதலாக ஏறும், மயக்கமும் கூடும். சீக்கிரம் சாப்பிட்டு, சற்று இடைவெளி விட்டு, ஒன்பதரைக்குப் போட்டுப் படுத்திருந்தால் பாதி அவஸ்தை குறைந்திருக்கலாம். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அதோடு சளிக்கு அவில், அலர்ஜிக்கு செட்ரிசின், தூக்கத்துக்கு வேறு மாத்திரை என்று சேர்ந்தால் ஆபத்து. மயக்கம் மயக்கத்தோடு கூடும். நடு ராத்திரியில் கொல்லைப்பக்கம் போக எழுந்தால் விளக்கைப் போட்டு, சுவரைப் பிடித்து நில்லுங்கள். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் எழுவது கஷ்டம். உடம்பு பழகும்வரை காலையில் ஸ்கூட்டி எடுக்காதீர்கள்.

இன்னொன்றைப் பற்றிப் பேசவே பெண்கள் கூச்சப்படுகிறார்கள். மனசு. பலருக்கு இந்த மாத்திரை அமைதி தரும், நல்ல தூக்கம் தரும். சிலருக்கு நேர் எதிராக வேலை செய்யும். காரணமில்லாத அழுகை, எரிந்து விழுதல், படபடப்பு, எதிலும் பிடிப்பில்லாமல் போவது. தூரத்துக்கு முந்தைய வாரம் தவித்தவர்கள், பிரசவத்துக்குப் பின் மனம் உடைந்தவர்கள் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். "வயசாச்சில்ல, அதான் இப்படிக் கத்துறா" என்று வீட்டில் சொல்வார்கள். நம்பாதீர்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் மாத்திரை போடும் முறையில் இருக்கிறீர்களா? காலண்டரில் மாத்திரை நாட்களை வட்டமிட்டு, மனம் கெடுகிற நாட்களையும் குறித்து வாருங்கள். இரண்டு மாதத்தில் உண்மை தெரிந்துவிடும். அந்தக் காலண்டரையே டாக்டர் முன் வையுங்கள். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். உடனே வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள். டெலி மனாஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம்.

வயிறு உப்புசம், மார்பகம் வலித்துக் கனத்தல், தலைவலி, மலச்சிக்கல் இதெல்லாம் பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தணியும். தணியாவிட்டால் மாற்று வழிகள் இருக்கின்றன. இதைத்தான் நான் கத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கதை முடிந்துவிடவில்லை. டைட்ரோஜெஸ்ட்ரோன் என்ற வேறு வகைக்கு மாற்றலாம். அளவையும் நாட்களையும் மாற்றலாம். சிலருக்கு அதே மாத்திரையைப் பெண்ணுறுப்பு வழியாக வைக்கச் சொல்வார்கள். கல்லீரல் வழி தவிர்க்கப்படுவதால் மயக்கம் குறையும். லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் காயிலைக் கர்ப்பப்பைக்குள் வைத்தால் மருந்து பெரும்பாலும் அங்கேயே வேலை செய்யும். ஐந்து வருடத்துக்கு உட்சுவருக்குக் காவல் இருக்கும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சில தயாரிப்புகளில் மாத்திரைக்குள் கடலை எண்ணெய் இருக்கும். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் அட்டையைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள்.

மருந்தே வேண்டாம், 'இயற்கை புரோஜெஸ்ட்ரான் கிரீம்' தடவினால் போதும் என்று ஃபோனில் விளம்பரம் வரும். தோலில் தடவும் அந்தக் கிரீம் உட்சுவரைக் காக்கும் என்று நம்பவே முடியாது. ஏமாறாதீர்கள்.

இன்னொரு அபாயம் கோயில் ஊரான நமக்கே உரியது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை, பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம், மாசியில் காமாட்சி அம்மன் பிரம்மோற்சவம். தூரம் குறுக்கே வரக்கூடாது என்று மெடிக்கலில் 'தள்ளிப்போடும் மாத்திரை' கேட்டு வாங்கிப் போடுவது எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். அது நோரெதிஸ்டெரோன். புரோஜெஸ்ட்ரான் குடும்பத்தைச் சேர்ந்த செயற்கை மருந்து. தள்ளிப்போட ஒரு நாளைக்கு மூன்று வேளை 5 மில்லிகிராம் என்று போடும்போது, அதில் ஒரு பகுதி உடம்புக்குள் கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜனாகவே மாறுகிறது. ரத்தம் உறையும் அபாயம் அதனால்தான். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள், பிரஷர், கூடுதல் எடை, ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள் இதைக் கேட்காமல் தொடவே கூடாது. ஏற்கெனவே ஹார்மோன் சிகிச்சையில் இருந்துகொண்டு மேலே இதையும் போடுவது இரட்டை ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ, திடீரென்று பார்வை மங்கினாலோ, வாய் குழறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை மயக்கம்தான் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

ஹார்மோன் சிகிச்சை என்றாலே நடுங்கவும் வேண்டாம். 2002-ல் 16,608 பெண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வை, மார்பகப் புற்றுநோய் கூடியதைக் கண்டு பாதியில் நிறுத்தினார்கள். அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பெண்களைப் பயமுறுத்தியது. புரோஜெஸ்ட்ரானுக்குப் பதிலாக அதில் கொடுத்தது வேறு வகைச் செயற்கை மருந்து. இருந்தாலும் நீண்ட நாள் எடுப்பவர்கள் மார்பகப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டியோ கல்லீரல் நோயோ வந்தவர்கள் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ரத்தக் கசிவு விஷயத்தில் மட்டும் யாரும் அசட்டையாக இருக்காதீர்கள். சிகிச்சை தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் லேசாகப் படுவது உண்டு. அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்கு மேலும் தொடர்ந்தால், அதிகமானால், நின்றது மறுபடி வந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தே தீர வேண்டும். சிகிச்சையே எடுக்காதவர்களுக்கு, தூரம் நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டுப் பட்டாலும் அதே கதைதான்.

"அண்ணி, எப்பவாவது பட்டுச்சா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "போன வாரம் கொஞ்சம். கருட சேவை வருது, தீட்டுன்னு சொல்லிக்கிட்டு இருக்கணுமான்னு சொல்லல பாப்பா."

அன்று மதியமே கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேனில் உட்சுவர் தடித்திருந்தது. துளி சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அண்ணன் தறியில் உட்காரவே இல்லை. புற்றுநோய் சிகிச்சைக்காகவே காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு மருத்துவமனை இருக்கும் ஊர் இது. இந்த ஊரில் பிறந்த அண்ணாவை 1969-ல் கொண்டுபோனதும் அதே நோய்தான். அந்த வழியாகப் பஸ் போகும்போதெல்லாம் அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

புற்றுநோய் இல்லை. செல்கள் திரியவில்லை, தடிப்பு மட்டும்தான். "இன்னும் ஒரு வருசம் இப்படியே ஜெல் மட்டும் தடவியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. இந்த வகைத் தடிப்புக்கு முதல் மருந்தே ஹார்மோன் காயில்தான் என்று சொல்லி அதை வைத்துவிட்டார். இதில் தூக்கம் சொருகும் தொல்லை இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

சொசைட்டியில் பாவு வாங்கிய தேதியும் கூலியும் எழுதிவைக்கிற நோட்டின் பின்னட்டையில் அந்தத் தேதியை அண்ணன் தன் கையால் எழுதியிருக்கிறார். கீழே இரண்டு கோடு போட்டு, 'அன்று தறி இல்லை' என்றும்.