சக்கர வீட்டில் ஒரு கொப்புளம்!

ஊருக்குக் கிளம்பினால் நாம் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறோம். அமெரிக்காவிலோ சிலர் வீட்டையே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்! அடுப்பு, கட்டில், ஸ்நான அறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கின்றன. ‘மோட்டார் ஹோம்’ என்று அதற்குப் பெயர். அயோவா மாநிலத்தில் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சிற்றூரில், வின்னபேகோ கம்பெனி 1966-ல் இத்தகைய வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் இருந்த வீட்டை விற்றுவிட்டு, பழைய வண்டி ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கும் தம்பதிகளும் அங்கே உண்டு. அவர்கள் வயிற்றைக் கலக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. வண்டியின் வெளிச்சுவர் ஒரு நாள், எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும்!

ஏன் இப்படி ஆகிறது? சுவர் என்று பெயரே தவிர, அது பல அடுக்குகள் சேர்ந்தது. வெளியே வழவழப்பான ஃபைபர் கிளாஸ் தகடு. அதன் பின்னால் மெல்லிய ஒட்டுப்பலகை. அதற்கும் பின்னால் தெர்மகோல் போன்ற நுரைப்பலகையும் அலுமினியச் சட்டமும். இவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது பசைதான். கூரை விளிம்பிலோ ஜன்னல் ஓரத்திலோ கசியும் மழைநீர் ஒட்டுப்பலகையை நனைத்துவிட்டால், அதன் ஏடுகள் பிரிந்துவிடும். பிடிப்பை இழந்த தகடு வெளியே உப்பும்.

பட்டறைக்குக் கொண்டு போனால், சில சமயம் பழைய வண்டியின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். ஆகவே பலர் தாங்களே பழுது பார்க்கத் துணிகிறார்கள். கொப்புளத்தில் துளை போட்டுப் பசையைச் செலுத்தி அழுத்திவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஈரப் பலகையில் பசை பிடிக்குமா? சில நாளில் மறுபடியும் உப்பிவிடும்!

அனுபவசாலிகள் செய்வதைக் கேளுங்கள். முதலில் ஒரு நாணயத்தால் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள். கெட்டியான இடம் ‘டக்’ என்கிறது. பிரிந்த இடம் ‘டொப்’ என்கிறது. பிறகு தண்ணீர் நுழைந்த வழியைத் தேடி அடைக்கிறார்கள். ஜன்னலைக் கழற்றி வைத்து, நாள் கணக்கில், வாரக் கணக்கில்கூடச் சுவரை உலர விடுகிறார்கள். ஈரத்தை அளக்க ஒரு சிறு கருவியும் இருக்கிறது.

நன்றாக உலர்ந்த பின்புதான் பசை. சில பசைகள் நுரைப்பலகையையே கரைத்துவிடும். எனவே இரண்டு திரவங்களைக் கலந்து செய்யும் எபாக்ஸி பசையைச் செலுத்துகிறார்கள். கையுறை அவசியம். மேலே பிளாஸ்டிக் தாளை விரித்து, பலகை வைத்து, முட்டுக் கொடுத்து, ஒரு நாள் முழுவதும் அசையாமல் விட்டுவிடுகிறார்கள். பலகை உளுத்துப் பொடியாகியிருந்தால் பசையால் பயனில்லை; தகட்டை உரித்துப் புதுப் பலகைதான் வைக்க வேண்டும்.

‘நமக்கேது சக்கர வீடு?’ என்கிறீர்களா? சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒட்டுப்பலகை அலமாரி இருக்கிறதல்லவா? அதன் கதவு உப்பினால், கதவைச் செதுக்கத் தச்சரைக் கூப்பிடுமுன், குழாய் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்!