உதவியாகக் கிடைத்த வீடு யாருக்குச் சொந்தம்?



வெள்ளம் வந்து வீட்டை அடித்துக்கொண்டு போய்விட்டது. அரசாங்க உதவியில் வேறொரு வீடு கிடைத்தது. குடும்பம் நிம்மதியாகக் குடியேறியது. சில ஆண்டுகளில் உள்ளூர் ஆட்சி மன்றத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது: வீட்டைத் திருப்பி ஒப்படைக்க வேண்டுமாம்! கொடுத்ததைத் திரும்பப் பறிப்பது நியாயமா என்று நாம் கேட்போம். அதற்கு விடை காண, இத்தகைய வழக்குகள் எழும் அமெரிக்க நாட்டுக்குச் சற்றுச் சென்று வருவோம்.

அங்கே 'மொபைல் ஹோம்' எனப்படும் வீடுகள் உண்டு. தொழிற்சாலையில் இரும்புச் சட்டத்தின்மேல் கட்டி, லாரியில் இழுத்து வந்து வைக்கப்படுபவை. பல மாநிலங்களில் இவற்றுக்கு மோட்டார் காருக்கு உள்ளதைப் போன்ற உரிமைச் சான்றிதழ் உண்டு. 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் கத்ரீனா புயல் தாக்கியபின், ஃபீமா என்னும் மத்திய அரசு நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை இத்தகைய வீடுகளிலும் இழுவை வண்டிகளிலும் தங்க வைத்தது.

இந்த உதவி மூன்று வகைப்படும். முதலாவது, இரவல். பேரிடர் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து பொதுவாகப் பதினெட்டு மாதம் தங்கலாம். தேவையானால் நீட்டிப்பதும் உண்டு. வீடு அரசாங்கத்துடையதே. ஆகவே அதைத் திரும்பப் பெறுவதில் வியப்பில்லை.

இரண்டாவது, விற்பனை. நிரந்தர வீடு இல்லாதவருக்கு அதே வீட்டை நியாய விலையில் விற்கலாம் என்று சட்டம் கூறுகிறது. வாங்குபவர் வெள்ளக் காப்புறுதி உள்ளிட்ட காப்புறுதி எடுத்து, அதை விடாமல் புதுப்பித்துவர ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வகையில்தான் சிக்கல் மிகுதி. மத்திய அரசு பணத்தை மாநிலத்திற்குத் தருகிறது. அது 'கவுண்டி' எனும் மாவட்ட ஆட்சிக்கோ நகராட்சிக்கோ வருகிறது. அந்தப் பணத்தில் வீடு வாங்கித் தரும்போது, பெரும்பாலும் அதை முழு நன்கொடையாகத் தருவதில்லை. தள்ளுபடியாகும் கடனாகத் தருகிறார்கள். குறித்த ஆண்டுகள் அந்த வீட்டிலேயே குடியிருந்தால் கடன் தீர்ந்துபோகும். அதுவரை வீட்டின்மீது ஆட்சி மன்றத்திற்கு ஈட்டுரிமை உண்டு. இடையில் வீட்டை விற்றாலோ, வாடகைக்கு விட்டாலோ, பூட்டிவிட்டுப் போனாலோ ஒப்பந்தம் முறிந்துவிடும்.

ஏன் இத்தனை கண்டிப்பு? அது பொதுமக்களின் வரிப்பணம். வீடில்லாதவருக்கென ஒதுக்கிய தொகை வேறு வழியில் போனால், உள்ளூர் ஆட்சி மன்றமே தன் சொந்த நிதியிலிருந்து அதை மத்திய அரசுக்குத் திருப்பிக் கட்ட நேரிடலாம். ஆகவே மன்றத்தின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால் ஒன்று. உரிமை இருக்கிறது என்பதற்காக நினைத்தவுடன் லாரியோடு வந்து இழுத்துப் போக முடியுமா? முடியாது. தவணையில் வாங்கிய அடுப்பைக்கூட, முன்னறிவிப்பும் விசாரணையுமின்றிப் பறிமுதல் செய்யக்கூடாது என்று 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொரு வழக்கும் நாம் அறியத்தக்கது. 1987இல் இல்லினாய் மாநிலத்தில், நீதிமன்ற உத்தரவு வருமுன்னரே ஒரு குடும்பத்தின் வீட்டைக் குழாய் இணைப்புகளைப் பிடுங்கி இழுத்துச் சென்றார்கள். செய்தவர்கள் நில உரிமையாளரின் ஆட்கள். கவுண்டிக் காவலர்கள் தடுக்காமல் உடன் நின்றார்கள். அந்த வெளியேற்றம் சட்டத்திற்குப் புறம்பானது என்று பின்னர் நீதிபதி கண்டார். வீடு திரும்பி வந்தது. ஆனால் சேதமடைந்து வந்தது. 1992இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக, இது அரசியல் சட்டம் குறிப்பிடும் 'கைப்பற்றல்' ஆகும் என்றார்கள். வீட்டைச் சோதனையிடாமல் வெறுமனே எடுத்துச் சென்றாலும், அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று.

நேயர்களே, இதில் நமக்கும் பாடம் உண்டு. துன்ப வேளையில் நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அது இரவலா, விற்பனையா, நிபந்தனைக் கடனா என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம். ஒப்பந்தத்தின் நகலையும் பணம் கட்டிய ரசீதுகளையும் பத்திரப்படுத்துவோம். கடிதம் வந்தால் அஞ்சி ஒதுக்கி வைக்காமல், குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் பதில் கொடுப்போம். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும், எழுத்துதான் நிற்கும்.