ஒற்றை வாசல் காலமும் இரட்டை வாசல் காலமும்

மட்டக்களப்பில் 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்களால்தான் போக முடிந்தது. எதிர்க்கரையிலிருந்து பஸ் ஏறிவிட்டால் இந்தக் கரையில் எல்லாரும் நிற்க வேண்டியிருந்தது. 2013இல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்த பிறகுதான் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. இணையத்தளம் நடத்துகிறவர்களும் இப்படியொரு காலத்தைக் கடந்து வந்தவர்கள்தான்.

அன்று ஒரு தளத்துக்கு ஒரு சேர்வர். பரீட்சைப் பெறுபேறு வருகிற நாள் மாதிரி கூட்டம் சேர்ந்தால் அது படுத்துவிடும். பிறகு இரண்டு, மூன்று சேர்வர் வாங்கி, முன்னால் வருகிறவர்களைப் பிரித்து அனுப்ப எச்.ஏ.ப்ரொக்ஸி போன்ற லோட் பலன்சரை நிறுத்தினார்கள். அதன் கோப்பில் ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு வரி: பெயர், ஐ.பி. முகவரி, போர்ட். சோதிக்கச் சொல்லியிருந்தால், செத்த சேர்வரை அது தானே ஒதுக்கும். ஆனால் புதிதாக ஒன்று வந்தால் ஆள்தான் உட்கார்ந்து வரி சேர்க்க வேண்டும்.

இன்று அந்தப் பட்டியலை ஆள் எழுதுவதில்லை. கூகிள் 2014இல் வெளியிட்ட குபர்னெட்டீஸ், ஓர் இயந்திரம் விழுந்தால் அதில் தளத்தை ஓட்டிய கொன்டெய்னர்களை வேறோர் இயந்திரத்தில் புதிதாக எழுப்பும். முகவரியும் மாறிவிடும். வருகிறவர்களை உள்ளே வழிநடத்தும் இங்ரெஸ் கொன்ட்ரோலர் அந்த மாற்றத்தைக் கவனித்து, தயாரென்று சொன்னவற்றுக்கு மட்டும் அவர்களை அனுப்பும்.

ஆனால் வெளியிலிருந்து வருகிறவர்கள் நுழையும் வாசலுக்கு யார் பொறுப்பு? கிளவுட் நிறுவனத்திடம் கேட்டால் வெளி முகவரியோடு லோட் பலன்சர் கிடைக்கும். சொந்த அறையில் சொந்த இயந்திரங்களில் ஓடும் குபர்னெட்டீஸிடம் கேட்டால் ‘பெண்டிங்’ என்றே நிற்கும். கொடுக்க அங்கே யாருமில்லை. அந்த முகவரியைக் கொடுக்க மெட்டல் எல்.பி.யைப் போடலாம். அல்லது வெளியே இரண்டு எச்.ஏ.ப்ரொக்ஸி இயந்திரங்களை வைத்து, கீப்அலைவ்டி மூலம் ஒரே முகவரியைப் பொதுவாக்கலாம். முதலாவது விநாடிக்கொரு முறை ‘இருக்கிறேன்’ என்று சொல்லும். மூன்று, நான்கு விநாடி சத்தமில்லாவிட்டால் மற்றது முகவரியை எடுத்துக்கொள்ளும். உள்ளே எத்தனை கொன்டெய்னர் உயிரோடு இருந்தாலும், இந்த வாசல் ஒற்றையாக இருந்தால் வெளியே நிற்பவருக்குத் தளம் செத்ததுதான்.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: இரண்டு வாசலும் ஒரே யூ.பி.எஸ்.ஸில், ஒரே ஃபைபரில் தொங்கினால் அது ஒரு வாசல்தான். ஆரம்ப காலத்து வேலை கோப்பில் வரி சேர்ப்பது. இன்றைய வேலை, வேண்டுமென்றே முதல் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பது. அதைச் செய்து பார்க்காதவரை இரண்டாவது இயந்திரம் வெறும் செலவுதான்.